உதடு தெரியும் முகக்கவசம்

ஜூன் 24, 2020

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று படித்த பிறகுதான் மூச்சு சீராக வந்தது. நீயும் கொஞ்சம் தூங்கு. இந்த நேரத்தில் உன் பக்கத்தில் வந்து இருக்க முடியவில்லையே என்பது எனக்குப் பெரிய குறை.

இங்கே எல்லோரும் நலம். இவரோடு வேலை பார்ப்பவர் ஒருவருக்குக் கொரோனா தொற்று வந்துவிட்டதால் இவரும் 14 நாள் தனியறையில் இருந்தார். நேற்றோடு முடிந்தது. காய்ச்சல், இருமல் எதுவும் இல்லை. சாப்பாட்டுத் தட்டைக் கதவருகே வைத்துத் தட்டிவிட்டு நான் நகர்ந்துவிடுவேன், அப்புறம் அவர் எடுத்துக்கொள்வார். சின்னவள் தினமும் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அப்பாவுக்குக் கேட்கட்டும் என்று பாடத்தைச் சத்தமாகப் படிப்பாள்.

அந்த 14 நாளும் வீட்டுக்குள்ளேயே முகக்கவசம் போட்டிருந்தோம். அதற்காகத்தான் அத்தையின் தையல் மெஷினைத் தூசி தட்டி எடுத்தேன். நீ அளவு கேட்டிருந்தாய். பெரியவர்களுக்கு 10 அங்குல நீளம், 6 அங்குல அகலம். நீளவாட்டில் கால் அங்குலம், இரண்டு பக்கமும் அரை அங்குலம் மடித்துத் தைத்து, பக்க மடிப்புக்குள் எலாஸ்டிக்கை நுழைத்துவிடு. துணியை வெட்டுவதற்கு முன் ஒருமுறை துவைத்துக் காயப்போட மறக்காதே. பருத்தி சுருங்கும், தைத்த பிறகு சுருங்கினால் மூக்குக்கும் தாடைக்கும் எட்டாது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார், வெளிச்சம் தாராளமாக வந்தால் அந்தத் துணி வேண்டாம்.

முதலில் இரண்டு அடுக்குதான் தைத்தேன். மூன்று அடுக்கு நல்லது என்று ஜூன் 5ஆம் தேதியே உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது தெரிந்த பிறகு மாற்றிக்கொண்டேன். உள்ளே பருத்தி, வெளியே பாலியஸ்டர் கலந்தது, நடுவில் நெய்யாத பாலிப்ரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக் இழைத் துணி. அந்த நடுத்துணி மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடாதே. நான் வைத்தேன், உருகி ஒட்டிக்கொண்டது. உன் தங்கை குழந்தைக்கு எதுவும் தைக்க வேண்டாம், 2 வயதுக்குக் கீழே போடக் கூடாது.

சரி, உன்னிடம் சொல்ல நினைத்தது வேறு. கவசம் போட ஆரம்பித்த இரண்டு மூன்று நாளில் அத்தை பேச்சைக் குறைத்துவிட்டார். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். மகன் அடைந்து கிடக்கும் கவலை என்று முதலில் நினைத்தேன். அப்புறம், என்மேல் ஏதோ கோபம் என்றும் நினைத்தேன். ஒரு மாலை பெரியவன் தான் படித்ததை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். 1910-11இல் சீனாவின் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, வூ லியென்-தே என்ற மருத்துவர் காயத்துக்குக் கட்டும் காஸ் துணிக்குள் பஞ்சு வைத்து முகத்தில் கட்டிக்கொள்ளச் சொன்னாராம். எல்லாம் கேட்டுவிட்டு அத்தை, "ஆமாப்பா, மழை வந்தா நல்லதுதான்" என்றார். பெரியவன் சிரித்துவிட்டான். சின்னவள் மட்டும் சிரிக்கவில்லை. எட்டிப் போய் நின்று, கவசத்தை இறக்கி, "பாட்டி, அண்ணன் மழையைப் பத்திச் சொல்லலை" என்றாள், மெதுவாகத்தான். பாட்டி உடனே, "பின்னே எதைப் பத்தி?" என்று கேட்டார்.

இத்தனை காலம் எங்கள் உதட்டைப் பார்த்துத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒரே வீட்டில் 16 வருஷம் இருந்தும் எனக்கு அது தெரியவில்லை. அவர் கோபித்துக்கொண்டு ஒதுங்குகிறார் என்று மனதுக்குள் குறைப்பட்டிருந்தேனே, அதுதான் தூங்கவிடவில்லை.

மறுநாள் வாய் தெரியும்படி நடுவில் ஜன்னல் மாதிரி பிளாஸ்டிக் வைத்துத் தைக்க உட்கார்ந்தேன். முதல் இரண்டும் கிழிந்து போயின. அத்தை வந்து பக்கத்தில் நின்றார். பிளாஸ்டிக்கை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார். ஊசி குத்திய ஓட்டை பிளாஸ்டிக்கில் அப்படியே நிற்கும், கிளிப் போடு என்றார். தையலையும் நெருக்கமாகப் போடாதே, தபால்தலை மாதிரி கிழிந்துவிடும், நீட்டுத் தையலாகப் போடு என்றார். பிறகு என்னை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து மிதித்தார். உட்பக்கம் மூச்சு பட்டு மங்குகிறது. துளி சோப்பைத் தடவித் துடைத்துவிட்டால் கொஞ்ச நேரம் தெளிவாக இருக்கிறது. பிளாஸ்டிக் வழியாகக் காற்று போகாது என்பதால் ஜன்னலைச் சின்னதாக வைத்து, சுற்றிலும் துணியைத் தாராளமாக விட்டிருக்கிறோம்.

உன் அம்மாவுக்கும் காது மந்தம் என்று முன்பு எழுதியிருந்தாய் அல்லவா? கவசத்தோடு நீ பேசும்போது அவருக்கு எவ்வளவு புரிகிறது என்று கவனித்துப் பார். உனக்கு இரண்டு தைக்கலாம் என்று அத்தையே சொன்னார். மூக்குத் தண்டிலிருந்து தாடைக்குக் கீழே வரைக்கும், ஒரு காதிலிருந்து மறு காது வரைக்கும் நாடா வைத்து அளந்து எழுது. வெட்டி வைத்த துணி மெஷின் மேலேயே இருக்கிறது.

என்றும் அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி