நீலக் கோளும் வளையல் துண்டுகளும்

அன்புள்ள முத்து,

கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. "வானம் இத்தனை நீலமாடா?" என்று எழுதியிருந்தாயே, படித்துச் சிரித்தேன். இங்கேயும் பத்து நாளாக நீலம்தான் பேச்சு.

பேத்தியின் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. எச்.டி. 189733 பி என்று, வேறொரு சூரியனைச் சுற்றும் ஒரு கோளைப் பிடித்துக்கொண்டாள். பெயரா அது, ரேஷன் கார்டு நம்பர் மாதிரி! தெர்மாகோல் பந்துக்கு நீலம் அடித்து, அவள் பாட்டியின் உடைந்த கண்ணாடி வளையல்களை நொறுக்கிச் சாய்வாக ஒட்டினோம். அங்கே கண்ணாடி மழை பெய்யுமாம், அதுவும் பக்கவாட்டில். என் விரலில் இரண்டு கீறல்.

அந்தச் சாக்கில் நானும் கொஞ்சம் படித்தேன். 2005இல் கண்டுபிடித்த கோள், சுமார் 64 ஒளியாண்டு தூரம். அதாவது, நாம் தொட்டிலில் கிடந்தபோது கிளம்பிய வெளிச்சம் இப்போதுதான் வந்து சேர்கிறது. வியாழனைவிடச் சற்றுப் பெரியது. தன் சூரியனை ஒட்டியே சுற்றுவதால் 2.2 நாளில் ஒரு வருஷம் முடிந்துவிடும். சூடு ஆயிரம் டிகிரி, காற்று மணிக்கு 7,000 கிலோமீட்டர்.

நீலத்தைக் கண்டுபிடித்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கோளைத் தனியாக யாரும் பார்க்கவில்லை. அது தன் சூரியனுக்குப் பின்னால் போய் மறைந்தபோது, ஹபிள் தொலைநோக்கிக்கு வந்த வெளிச்சத்தில் நீலம் மட்டும் துளி குறைந்தது. பச்சை, சிவப்பு அப்படியே இருந்தன. குறைந்த நீலம் கோளுடையது! 2013இல் வெளியிட்டார்கள். கடல் கிடல் எதுவும் கிடையாது. காற்றில் மிதக்கும் சிலிக்கேட் துகள்கள் நீல ஒளியைச் சிதறடிக்கின்றன என்பது கணிப்பு. மணலிலும் கண்ணாடியிலும் இருக்கிற சரக்குதான் சிலிக்கேட். அது அந்தக் காற்றில் பறந்தால்? கண்ணாடி மழை வந்த வழி இதுதான். கண்டவர் யாருமில்லை.

"அப்ப வளையலைப் பிய்க்கணுமா தாத்தா?" என்று முகம் வாடிவிட்டாள். வேண்டாம் என்று சொல்லி, அட்டையில் எழுதவைத்தேன்: 'நீலம் அளந்தது, மழை ஊகித்தது.' 2024இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கித் தரவில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் தெரிந்ததாம், அழுகிய முட்டை நாற்றம். பக்கத்தில் ஒரு முட்டை வைக்கலாமா என்றாள். பாட்டி விடவில்லை.

சரி, உனக்கு ஒரு கண்ணில்தானே ஆபரேஷன் ஆகியிருக்கிறது? வெயில் தாழ்ந்தபின் மொட்டைமாடிக்குப் போய், ஒவ்வொரு கண்ணாக மூடி வானத்தைப் பார். இரண்டும் ஒரே நீலமா என்று எழுது. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடு.

அன்புடன்,
ரவி