ஷெஃபீல்டிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே நல்லபடியாக இருக்கிறேன். நீ, அத்தான், அம்மா, சின்னவன் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? வாராவாரம் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை சின்னவன் என்னோடு பேசும்போது "மா... மா... மா..." என்று நின்றுபோனான். பக்கத்திலிருந்து அத்தான் "ஒழுங்கா நிறுத்திச் சொல்லுடா" என்று அதட்டினது எனக்குக் கேட்டது. உடனே அவன் போனை உன் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அன்றைக்கு நைட் டூட்டி முழுக்க அதே நினைப்புதான். போனில் சொன்னால் அவன் காதிலும் விழும் என்றுதான் எழுதுகிறேன்.

இங்கிலாந்துக் குளிர் பழகிவிட்டது, சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டுவதுதான் இன்னும் பழகவில்லை. ஊர் முழுக்க மேடும் பள்ளமும்தான், பஸ் ஸ்டாப்புக்கு ஏறிப் போவதற்குள் மூச்சு வாங்கும். ஒரு காலத்தில் ஸ்டீலுக்குப் பேர்போன ஊர், கத்தி, கரண்டி எல்லாம் இங்கிருந்துதான் உலகம் முழுக்கப் போயிருக்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். கடையில் இருக்கிற பாட்டி என்னை 'லவ்' என்று கூப்பிடுகிறார், நம் ஊரில் 'ராசா' என்பார்களே, அந்த மாதிரி.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார், ஸ்டீல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லீவு நாளில் டீக்குக் கூப்பிடுவார். அவர் வீட்டு டிவியில்தான் மைக்கேல் பேலின் என்ற காமெடி நடிகரை முதலில் பார்த்தேன். "எங்க ஊர்க்காரர்" என்று பெரியவருக்கு அவ்வளவு பெருமை. 1943ல் இதே ஷெஃபீல்டில் பிறந்தவர், அவர் அப்பா இங்கே ஸ்டீல் கம்பெனியில் இன்ஜினியர். ஆக்ஸ்ஃபோர்டுக்கு வரலாறு படிக்கப் போன பையன் அங்கே படித்த டெர்ரி ஜோன்ஸோடு சேர்ந்து காமெடி எழுதவும் நடிக்கவும் ஆரம்பித்து, 1969ல் ஆறு பேராக பிபிசியில் 'மான்ட்டி பைத்தான்' நிகழ்ச்சியைத் தொடங்கியிருக்கிறார்கள். அதில் ஒரு காட்சி: செத்துப்போன கிளியை விற்றுவிட்டு, அது தூங்குகிறது என்று சாதிக்கிற கடைக்காரர் இவர். வாங்கின ஆள் ஜான் க்ளீஸ், அந்தக் கிளியை மேஜையில் டம் டம்மென்று அடித்துக் காட்டியும் இவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. பாதி வசனம் எனக்குப் புரியவில்லை, ஆனால் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். நாடு விட்டு வந்தபிறகு அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் 1988ல், ஒரு டிவி தொடருக்காக, விமானமே ஏறாமல் 80 நாளில் உலகத்தைச் சுற்றி வருகிறேன் என்று கிளம்பியிருக்கிறார். துபாயிலிருந்து பம்பாய்க்கு ஒரு பழைய பாய்மரக் கப்பலில், குஜராத்தி மாலுமிகளோடு, மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டு வருகிறார். இவருக்கு அவர்கள் பாஷை தெரியாது, அவர்களுக்கு இவர் பாஷை அவ்வளவாகத் தெரியாது. வயிறு கெட்டுச் சுருண்டு கிடக்கிறவரை அவர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். தன் வாக்மேனை ஒரு வயசான மாலுமியின் காதில் மாட்டிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார் பார், அதை நீ பார்க்கணும் அக்கா. பம்பாயிலிருந்து ரயிலில் நம்ம மெட்ராஸுக்கு வந்து, அங்கிருந்து சிங்கப்பூருக்குச் சரக்குக் கப்பல் ஏறினார். இருபது வருஷம் கழித்து அந்த மாலுமிகளைத் தேடி மறுபடியும் குஜராத் போனார். பிரபலமான ஆள், போகாமல் இருந்திருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதனால்தான் எனக்கு இவரைப் பிடித்துப்போனது. 2019ல் 'சர்' பட்டம் கொடுத்திருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான். அவர் அப்பாவுக்கு வாழ்நாள் முழுக்கத் திக்குவாய். வீட்டில் ஒருத்தரும் அதைப்பற்றி வாய் திறந்ததே இல்லையாம். 'எ ஃபிஷ் கால்டு வாண்டா' என்ற காமெடிப் படத்தில் இவர் திக்கித் திக்கிப் பேசுகிற ஆளாக நடித்தது அப்பாவை மனதில் வைத்துத்தான். அந்தப் படம் வந்தபிறகு, திக்குகிற குழந்தைகளுக்காக லண்டனில் ஒரு மையம் தொடங்குகிறோம், உங்கள் பெயரைக் கொடுங்கள் என்று கேட்டார்கள், சரி என்றார். 1993லிருந்து அவர் பெயரிலேயே நடக்கிறது.

பெரியவர் இதைச் சொல்லச் சொல்ல எனக்கு நம்ம அப்பா ஞாபகம்தான். அப்பாவுக்குக் 'க' வராது, நினைவிருக்கிறதா? செட்டியார் கடையில் கடலைப்பருப்பு கேட்க மாட்டார், டப்பாவைக் கைகாட்டுவார். கண்டக்டரிடம் களக்காடு என்று சொல்ல வராமல், அடுத்த ஊருக்கு டிக்கெட் வாங்கிவிட்டு நடுவில் இறங்குவார். அவர் போகிற வரைக்கும் நாம் யாரும் அவரிடம் அதைப் பேசியதில்லை. பேசாமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்தோம்.

இது குடும்பத்தில் வருகிற விஷயம்தான் அக்கா. உன் தப்பும் இல்லை, அவன் தப்பும் இல்லை, பயத்தால் வந்ததும் இல்லை. நிறையப் பிள்ளைகளுக்கு வளர வளரத் தானாகவே சரியாகிவிடும், சிலருக்கு அப்படியே தொடரும். வசம்பை உரசி நாக்கில் தடவுவதை அம்மாவிடம் சொல்லி நிறுத்தச் சொல். அந்த மையத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு என்ன செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். அம்மாவோ அப்பாவோ வாரத்தில் மூணு நாலு நாளாவது, அஞ்சு நிமிஷம், பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து விளையாடணும். டிவி, போன் கிடையாது. என்ன விளையாட்டு என்பதை அவன்தான் சொல்லணும். நாம் அவசரப்படாமல் மெதுவாகப் பேசணும், கேள்வியாகக் கேட்டுத் துளைக்கக் கூடாது. அவன் நிற்கிற இடத்தில் வார்த்தையை நாம் முடித்துவிடக் கூடாது, மூச்சு இழுத்துச் சொல் என்றும் சொல்லக் கூடாது. வாயைப் பார்க்காமல் அவன் சொல்கிற விஷயத்தைக் கேட்டால் போதும்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர்கள் இருக்கிறார்களா என்று இந்த வாரமே விசாரி. அத்தான் கெட்ட எண்ணத்தில் அதட்டவில்லை, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்வார்களே என்ற கவலைதான் அவருக்கு. அந்த அஞ்சு நிமிஷத்தை அவரையே உட்காரச் சொல்.

மாசப் பணம் அனுப்பியாயிற்று. அம்மாவுக்கு ஸ்வெட்டர் வேண்டாம், வேறு என்ன வேண்டும் என்று கேட்டுச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை போனை முதலில் சின்னவனிடம் கொடு. ஆடு குட்டி போட்ட கதையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனான், மிச்சத்தை அவன்தான் சொல்லணும். அன்றைக்கு எனக்கு டூட்டி இல்லை.

உன் அன்புத் தம்பி