நெல்லியடி ஓட்டோ அண்ணைக்கு

2020 மார்ச் 20 மாலை கொரோனாவால் நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள். யாழ்ப்பாணம் அபாய மாவட்டமென்று பிறகும் கிழமைக்கணக்கில் இறுக்கமாகவே இருந்தது. அம்மாவுக்கு அப்போதுதான் மார்புப் புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றத் தொடங்கியிருந்தது. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போக பஸ் இல்லை.

கீமோ வெள்ளைக் குருதிக் கலங்களைக் குறைத்துவிடும். அதனால் சனத்துக்குள் அம்மாவைக் கொண்டுபோகவும் பயம், தவணையைத் தவறவிடவும் பயம். எல்லாவற்றிலும் பொல்லாதது காய்ச்சல். கீமோ எடுப்பவருக்கு 38 பாகையைத் தாண்டினால் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். கிருமித் தொற்று மணித்தியாலக் கணக்கில் உயிரை எடுத்துவிடும். அந்த நாட்களிலோ காய்ச்சல் என்றாலே சனம் கதவைச் சாத்தியது.

அப்படியொரு இரவில்தான் நீங்கள் வந்தீர்கள் அண்ணை. காய்ச்சல் என்று ஒளிக்காமல் சொன்னேன். "அம்மாவை வெளிக்கிடுத்துங்கோ, நான் வாறன்" என்றீர்கள். அச்சுவேலியில் மறித்த ஆமிக்காரருக்குக் கிளினிக் கொப்பியை விரித்துக் காட்டி, தெரிந்த சிங்களத்தில் விளங்கப்படுத்தினீர்கள். விடியுமட்டும் வைத்தியசாலை வாசலிலேயே நின்றீர்கள். உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்ததைப் பிறகுதான் அறிந்தேன். இப்போது நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

பெயர் போடவேண்டாம் என்றபடியால் போடவில்லை. அன்றிரவே நரம்பில் அன்டிபயோட்டிக் ஏற்றியதால்தான் அம்மா தப்பினா என்று டொக்டர் சொன்னவர். மிச்சக் கீமோவும் முடிந்து, இப்போது கிளினிக்குக்கு பஸ்ஸிலேயே போய்வருகிறா. காசு வாங்க மறுத்தீர்கள். ஒருநாள் சாப்பிடவாவது குடும்பத்தோடு வீட்டுக்கு வாங்கோ அண்ணை, அம்மா கேட்டபடி இருக்கிறா.