அக்கா கேட்ட கேள்விக்கு

பாரமட்டா, சிட்னி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நான் இங்கு நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுதுங்கள்.

"உன்னைப் போன்றவர்கள் எல்லாரும் ஒரே கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுவீர்களா?" என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். நான் தன்பாலீர்ப்பாளன் என்று சொன்ன நாளிலிருந்து அந்தப் பேச்சையே எடுக்காத நீங்கள் இதைக் கேட்டது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தெரியவில்லை.

எனக்கு அரசியல் உறைத்தது 2017இல். ஒரே பாலினத்தவர் மணம் செய்துகொள்ளச் சட்டத்தைத் திருத்தலாமா என்று அரசு அஞ்சல் வழியே வாக்காளர்களிடம் கேட்டது. அப்போது நான் குடியுரிமை பெறாததால் எனக்குப் படிவம் வரவில்லை. வீட்டு உரிமையாளருக்கு வந்த உறை சமையலறை மேசையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், இரண்டு வாரம் பிரிக்கப்படாமலே கிடந்தது. காலையில் காப்பி கலக்கும்போதெல்லாம் என் கண் அதன் மேல்தான் போகும். என் வாழ்க்கையைப் பற்றிய கேள்விக்கு அவர் பதில் சொல்லலாம், நான் சொல்ல முடியாது என்பது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. முடிவு வந்தபோது நாடு முழுவதும் 61.6 விழுக்காட்டினர் 'ஆம்' என்றிருந்தார்கள்; புலம்பெயர்ந்தோர் நிறைந்த எங்கள் பாரமட்டா தொகுதியில் அதே 61.6 விழுக்காட்டினர் 'இல்லை' என்றிருந்தார்கள். தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்பும் நம் மனிதர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். உரிமையைத் தலை எண்ணித் தரக்கூடாது என்ற என் பிடிவாதம் அன்று பிறந்தது.

ஆனால் எல்லாருக்கும் அரசியல் அப்படிப் பிறப்பதில்லை. எனக்குத் தெரிந்த லெஸ்பியன் அம்மையார் ஒருவர் 1978 ஜூன் 24 இரவு சிட்னியில் தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காக நடந்த முதல் மார்டி கிரா ஊர்வலத்தில் கைதான 53 பேரில் ஒருவர். நாளேட்டில் பெயர் வந்ததும் அவருக்கு ஆசிரியர் வேலை போயிற்று. அப்போது உடன் நின்றது தொழிற்சங்கம்தான் என்பதால் அவர் இன்றுவரை இடதுசாரி. என் நண்பன் ஒருவனும் என்னைப் போலத்தான். ஆனால் கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்து படகில் தப்பி வந்த வியட்நாமியக் குடும்பத்தில் பிறந்தவன். இங்கு வலதுசாரிக் கட்சியான லிபரல் கட்சியைத் தவிர வேறெதற்கும் வாக்களிக்க மாட்டான். அந்தத் திருமணச் சட்ட மசோதாவைக் கொண்டுவந்த டீன் ஸ்மித் அதே கட்சியின் செனட்டர். தாமும் தன்பாலீர்ப்பாளராக இருந்தும் தொடக்கத்தில் அத்தகைய திருமணத்தை எதிர்த்து, பிறகு மனம் மாறியவர். லேபர் கட்சியின் பென்னி வாங், தாம் லெஸ்பியனாக இருந்தும், அத்தகைய திருமணத்தை ஏற்காத கட்சியின் பழைய நிலைப்பாட்டுக்கு வெளியில் கட்டுப்பட்டுக்கொண்டு உள்ளே போராடி அதை மாற்ற உழைத்தார். அந்தக் கட்டுப்பாட்டை நான் கோழைத்தனம் என்று நினைத்ததுண்டு; இப்போது அப்படி நினைக்கவில்லை.

2022இல் நான் முதன்முறையாக வாக்களித்தேன். இங்கு வாக்களிப்பது கட்டாயம். கீழவைக்கு எல்லா வேட்பாளர்களுக்கும் விருப்ப வரிசைப்படி எண் போட வேண்டும். பென்சிலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது என் மனத்தில் பாதியை அடைத்திருந்தது திருமணமோ ஊர்வலமோ அல்ல, அக்கா. அம்மாவை இங்கு அழைத்துவர விசாவுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான். அதைப் பற்றித் தெளிவாகப் பேசிய வேட்பாளருக்கு 1 போட்டேன்.

அத்தானையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள். நீங்கள் யாருக்குப் போடுகிறீர்கள் என்று நானும் கேட்கலாமா?

அன்புடன்,
தம்பி