காவலர்களுக்கு வார ஓய்வு, பயிற்சி, மனநல உதவி கோரி மனு

அனுப்புநர்:
மாநகரக் காவலர் ஒருவரின் மனைவி,
காவலர் குடியிருப்பு.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
உள்துறை, மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600009.

பொருள்: மாநகரக் காவல்துறையில் வார ஓய்வு அரசாணையை முழுமையாக நடைமுறைப்படுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். என் கணவர் தமிழ்நாட்டு மாநகரம் ஒன்றில் தலைமைக் காவலர். ரோந்து வண்டி ஓட்டுகிறார். அவர் வேலைக்கு இடைஞ்சல் வந்துவிடக் கூடாது என்பதால்தான் பெயரையும் நிலையத்தையும் எழுதவில்லை. எங்கள் குடியிருப்பில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இதையேதான் சொல்வார்கள்.

காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 2021-இல் அரசாணை வந்தது. அன்று நாங்கள் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. இன்றைக்குப் பதிவேட்டில் 'ரெஸ்ட்' என்று இருக்கிறது. ஆளோ பந்தோபஸ்தில் நிற்கிறார். திருவிழா, வி.ஐ.பி. வருகை, போராட்டம் என்று ஏதாவது ஒன்று வந்துவிடுகிறது. இரவு முழுக்க ரவுண்ட்ஸ் போய்விட்டுக் காலையில் வந்தவர், சாப்பிட உட்கார்ந்து, சோற்றில் கை வைத்தபடியே தூங்கிப்போனார். எழுப்பவும் மனமில்லை. அதற்குள் ஸ்டேஷனிலிருந்து போன்.

100-க்கோ 112-க்கோ ஒருவர் பதறி அழைத்தால், கட்டுப்பாட்டு அறையிலிருந்து மைக்கில் தகவல் வந்ததும் வண்டியைத் திருப்புகிறவர் இவர்தான். தூக்கம் கெட்ட கண்ணோடு ஓட்டுகிறவர் எத்தனை சீக்கிரம் போய்ச் சேர முடியும்? போய் இறங்கிய இடத்தில் குடிபோதையில் கத்தியோடு நிற்கிறவனிடம் எப்படிப் பொறுமையாகப் பேச முடியும்? பொதுமக்கள் பாதுகாப்பே இதில்தான் அடங்கியிருக்கிறது.

ஆகவே, ஓய்வுப் பதிவேட்டையும் பந்தோபஸ்துப் பட்டியலையும் மாதாமாதம் துணை ஆணையர் ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்க உத்தரவிட வேண்டுகிறேன். ஓய்வை ரத்து செய்தால் காரணத்தை எழுதி வைத்து, அதே வாரத்தில் மாற்று நாள் தர வேண்டும். இரவுப் பணி முடித்தவரை மறுநாள் காலையிலேயே பந்தோபஸ்துக்கு அனுப்பக் கூடாது.

பயிற்சியும் அப்படித்தான். வகுப்புக்கு அனுப்பிவிட்டு, பாதியிலேயே திருப்பி அழைத்துக்கொள்கிறார்கள். மாரடைப்பு வந்தவருக்கு நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்வது, மனநலம் பாதித்தவரிடம் பேசுவது, வேகமாகவும் பத்திரமாகவும் வண்டி ஓட்டுவது ஆகியவற்றில் ஆண்டுதோறும் பயிற்சி தேவை. அந்த நாட்களில் வேறு பணி தரக் கூடாது.

பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸுடன் சேர்ந்து, காவலர்களின் மனஅழுத்தத்தைக் குறைக்க அரசு கொண்டுவந்த நிறைவாழ்வுப் பயிற்சி நல்ல முயற்சி, நன்றியோடு சொல்கிறேன். ஆனால் ஒருமுறை போய் வந்ததோடு அது நின்றுவிடக் கூடாது. 2023 ஜூலையில் கோவை சரக டி.ஐ.ஜி. தற்கொலை செய்துகொண்ட செய்தி வந்த அன்று, எங்கள் குடியிருப்பில் பெண்கள் யாரும் சரியாகத் தூங்கவில்லை. மனஅழுத்தம் பதவி பார்த்து வருவதில்லை. துறைக்கு வெளியே உள்ள மனநல ஆலோசகரை மாநகரம்தோறும் நியமித்து, அங்கே பேசுவது பணிப் பதிவேட்டில் ஏறாது என்று எழுத்து மூலம் உறுதி தர வேண்டும். அந்தப் பயம் போகாமல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இவற்றைப் பரிசீலித்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காவலர் ஒருவரின் மனைவி