மகளுக்கு, வாகனம் எடுக்கும் விஷயமாக

திருகோணமலை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று வாகனப் படமும் வந்து சேர்ந்தது. படத்தோடு ஒரு சொல்லும் வரவில்லை. சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டதா என்று அம்மா கேட்டபடி இருக்கிறா, அதற்கு முதலில் பதில் போடு. அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. மற்றப்படி இங்கே புதினம் இல்லை. எஸ்.யு.வி. எடுப்பதென்று இரண்டு பேரும் முடிவெடுத்துவிட்டீர்கள் போல. அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன். மருமகனுக்கும் வாசித்துக் காட்டு.

முதல் படத்தில் இருக்கும் 2018 பி.எம்.டபிள்யூ எக்ஸ்1 அவருடைய விருப்பம் என்று விளங்குகிறது. நல்ல வாகனம்தான். வேகத்தில் ரோட்டைப் பிடித்து ஓடும், பிரேக்கை நம்பலாம். பொனெற்றுக்குள் இருப்பது 1.5 லீற்றர், மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின். இந்த வயதில் ஒயில் பில்டர் ஹவுசிங்கின் கஸ்கற், அதாவது ஒயில் கசியாமல் அடைக்கும் ரப்பர், கசியத் தொடங்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ற் ஓடும் பிளாஸ்ரிக் இணைப்புகள் சூட்டில் மொறுகி வெடிக்கும். தனித்தனியே பெரிய பழுதில்லை. ஆனால் கூலன்ற் குறைந்தது தெரியாமல் கந்தளாய் வெயிலில் ஏ.சி.யும் போட்டு ஓடினால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். அதைத் திருத்தும் செலவில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கலாம். 95 ஒக்ரேன் பெற்றோல் கேட்கும் எஞ்சின் அது, இந்தப் பக்கத்தில் எல்லா ஷெட்டிலும் 95 எப்போதும் இருக்காது.

அதைவிட எனக்குப் பயம் ரயரில். அந்த வாகனத்தில் ஸ்பெயார் வீல் கிடையாது. ரன்பிளாட் ரயர் போட்டிருந்தால் காற்றுப் போன பிறகும் மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேற்படாமல் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் ஓடலாம் என்பார்கள். நீங்கள் வரும் வழியில், ஹபரணையிலிருந்து இங்கே 85 கிலோமீற்றர் வரும். அங்கே காட்டுக்குள் ரயர் வெடித்தால் வீட்டு வாசல் வரைக்கும் கணக்குப் போதாது. வந்து சேர்ந்தாலும் அந்த அளவு ரயர் கொழும்பிலிருந்துதான் வர வேண்டும். பழைய சொந்தக்காரர் ரன்பிளாட்டைக் கழற்றிச் சாதாரண ரயர் போட்டிருந்தால் இன்னும் மோசம், அதுவும் ஓடாது, ஸ்பெயாரும் இல்லை. யானை நிற்கிற ரோட்டில் இரண்டு பிள்ளைகளோடு இரவில் நிற்கிற நிலை வரக் கூடாது. எந்த வாகனம் எடுத்தாலும் சரி, ஸ்பெயார் வீல் இருக்கிறதா என்று முதலில் பார்.

இரண்டாவது, 2017 ஹொண்டா வெசெல் ஹைபிரிட், பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டரும் சேர்ந்தது. விலை குறைவு, பாகம் எங்கும் கிடைக்கும், எண்ணெய் செலவும் குறைவு. இதன் பலவீனம் கியர் பொக்ஸ். ஏழு கியருக்கு இரண்டு கிளச், இரண்டும் ஒயிலில் நனையாத உலர் கிளச். வெள்ளவத்தையில் மாலை ஐந்து மணி நெரிசலில் அடி அடியாக ஊர்ந்தால் கிளச் பாதி பிடித்தபடி தேய்ந்து சூடேறும். முதலில், வாகனம் நகரத் தொடங்கும்போது ஒரு நடுக்கம் வரும். பிறகு கியர் பொக்ஸ் சூடாகிவிட்டது என்று டாஷ்போர்டில் எச்சரிக்கை வரும். அதனால் கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ஒரு மணி நேரமாவது நெரிசலில், ஏ.சி. முழுவதும் போட்டு ஓட்டுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஒரு ஏற்றத்தில் நிறுத்தி ரிவர்ஸில் ஏற்றுங்கள். நடுக்கம் இருந்தால் அங்கே தெரியும். இன்னொன்று, அந்த முதல் தலைமுறை வெசெலில் பின் இருக்கைக்கு ஏ.சி. துவாரம் இல்லை. பிள்ளைகள் பின்னால் இருந்து வேகுவார்கள்.

மூன்றாவது, 2019 டொயோட்டா ரவ்4 ஹைபிரிட், அது உன் விருப்பம். எனக்கும் அதில்தான் மனம் போகிறது, மறைக்கவில்லை. இடம் தாராளம், எஞ்சின் உழைக்கும். ஆனால் நான்கு வீலும் இழுக்கும் மாதிரியில் பின் மோட்டருக்கு வாகனத்தின் அடியால் ஒரு தடித்த செம்மஞ்சள் மின் கேபிள் போகிறது. கனடாவில் குளிர்காலத்தில் ரோட்டுக்கு உப்புத் தூவுவார்கள். அங்கே அந்தக் கேபிளின் இணைப்புக்குள் உப்புத் தண்ணீர் புகுந்து அரித்துப் பலருக்குப் பெரிய செலவு வைத்தது, கடைசியில் கம்பனியே உத்தரவாதத்தை நீட்டிக் கொடுத்தது. இங்கே நிலாவெளியில் காற்றே உப்பு. ஆகவே அதை எடுப்பதானால் முன் வீல் மட்டும் இழுக்கும் மாதிரியாகப் பார். பின் இருக்கைப் பக்கம் பற்றரிக்குக் காற்று இழுக்கும் துவாரம் இருக்கும், அதன் பில்டரைக் கழற்றிக் காட்டச் சொல். தூசி அடைத்துக் கிடந்தால் பற்றரி சூட்டிலேயே உழைத்திருக்கிறது என்று அர்த்தம். அதைவிட, 2,487 சி.சி. எஞ்சின். நம் நாட்டு வரி சி.சி.யைப் பார்த்துத்தான் ஏறுகிறது, அதனால் இதன் விலை வாகனத்தின் விலை மட்டுமில்லை.

என் யோசனை இந்த மூன்றிலும் இல்லை. வெசெல்தான், ஆனால் 2021இல் ஜப்பானில் வெளிவந்த இரண்டாம் தலைமுறை. பெயர் ஒன்று, உள்ளே வேறு. அந்த இரட்டைக் கிளச் கியர் பொக்ஸே இல்லை. சாதாரண ஓட்டத்தில் எஞ்சின் ஜெனரேற்றரைச் சுற்றும், மோட்டர் வீலைச் சுற்றும், நீண்ட ரோட்டில் மட்டும் எஞ்சின் நேரே பிடித்துக்கொள்ளும். நெரிசலில் தேய ஒன்றுமில்லை. 1,500 சி.சி.க்குள் வருகிறது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திறந்த பிறகு நிறைய வந்திருக்கிறது. பின்னால் மூன்று பேருக்கு இடுக்கம்தான், உண்மை. பிள்ளைகளின் இரண்டு சீற்றையும் கையோடு கொண்டு போ, பின்னால் பூட்டு, நடுவில் நீ இருந்து பார். மாமி முன் இருக்கையில் இருக்கட்டும். இதிலும் ஸ்பெயார் வீல் இருக்காது, பம்பும் பசைப் போத்தலும் மட்டும் தருவார்கள். பசை ஆணி குத்தின ஓட்டைக்குத்தான், ரயரின் பக்கச்சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்யாது. ஒரு வீல் தனியாக வாங்கி, தூரப் பயணத்துக்கு பூற்றில் கட்டிக்கொள்ளுங்கள். இடம் போகிறதே என்று பார்க்காதே.

எதைப் பார்க்கப் போனாலும் சில விஷயம் மறக்காதே. புறப்படுமுன் எஞ்சினை ஸ்ரார்ட் பண்ண வேண்டாமென்று விற்பவரிடம் சொல், போனதும் பொனெற்றைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் ஸ்ரார்ட் ஆகும்போது வரும் சத்தத்தை உங்களுக்கு மறைக்கிறார்கள். ரயரின் பக்கத்தில் கடைசி நான்கு இலக்கம் பார்: 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம் செய்தது. பட்டன் தேயாமல் நிறைய இருந்தாலும் ஆறு வருடம் தாண்டினால் மாற்ற வேண்டிய ரயர், அந்தப் பணத்தை விலையில் குறைக்கச் சொல். ஜப்பானில் ஏலத்தில் விற்றபோது வாகனத்தின் நிலையை எழுதிய தாள் இருக்கும், அந்த ஏலத் தாளின் மூலப்பிரதியைக் கேள். அதில் போட்ட புள்ளி 4.5, 4 என்றால் நல்லது. R என்று இருந்தால் அடிபட்டுத் திருத்தியது. தாளில் வரைந்த வாகனப் படத்தில் S துரு, C அரிப்பு, XX மாற்றிப் பூட்டிய பாகம். தாளில் உள்ள சேசிஸ் நம்பரையும் வாகனத்தில் உள்ள நம்பரையும் நீயே ஒப்பிடு, மருமகன் பார்த்தார் என்று விடாதே.

வெள்ளத்தில் நின்ற வாகனமா என்பதைக் கட்டாயம் பார். 2025 நவம்பரில் டித்வா புயல் வெள்ளத்தில் களனி ஆற்றங்கரைப் பக்கம் எவ்வளவு வாகனம் நின்றது என்று உனக்கே தெரியும். அவை எல்லாம் கழுவி, பொலிஷ் போட்டு விற்பனைக்கு வரும். சீற் பெல்ற்றைக் கடைசி வரைக்கும் இழு. துணியில் ஒரு இடத்தில் கோடு போட்டது போல மண்ணிறம் மாறியிருந்தால் தண்ணீர் அதுவரைக்கும் நின்றிருக்கிறது. இருக்கையை முன்னால் தள்ளி, தரையில் பூட்டிய போல்ற்றில் துரு இருக்கிறதா என்று ரோர்ச் அடித்துப் பார். பூற் தரையைத் தூக்கு, ஓரத்தில் வண்டல் கிடக்கும். வெசெலில் ஹைபிரிட் பற்றரியே அந்தத் தரைக்குக் கீழேதான் இருக்கிறது, தண்ணீர் பட்டிருந்தால் அது இன்றில்லாவிட்டால் அடுத்த வருடம் கைவிடும். அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் சந்தோஷப்படாதே. ஒரு ஸ்குரூ டிரைவரால் மெல்லச் சுரண்டிப் பார், துருவை மூடத்தான் பலர் அடிக்கிறார்கள்.

இனிப் பணம். நீ கணக்கில் கெட்டிக்காரி, அதை இந்த ஊரே சொல்லும், எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். அப்படியிருக்க இதற்கு ஏன் கணக்குப் போடவில்லை? உதாரணத்துக்கு 14 வீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு 60 இலட்சம் லீசிங் எடுத்தால் மாதம் ஏறத்தாழ 139,600 ரூபா. முடியும்போது கட்டியது 83 இலட்சத்துக்கு மேல். அதோடு முழுக் காப்புறுதி, வருட லைசென்ஸ், சேவிஸ், நான்கு ரயர். பாதிக் கடனில் சின்ன வாகனம் எடுத்தால் மாதம் 70,000 மிச்சம், அது பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு. பெரிய மாமாவின் லொறியை நினைத்துக்கொள், நான் வேறு சொல்லத் தேவையில்லை.

போன மாதம் மருமகன் அம்மாவிடம் ஏதோ பத்திரத்தின் போட்டோக் கொப்பி கேட்டாராம். என்ன பத்திரம் என்று நான் கேட்கவில்லை. ஒன்று மட்டும் தெரிந்துகொள். லீசிங்கில் வாகனம்தான் ஈடு. வாகனப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று கம்பனியின் பெயர் விழும், கடன் முடிந்ததும் எடுபடும். அவர்கள் சம்பளத் தாள் கேட்பார்கள், பிணைக்கு ஆள் கேட்பார்கள். காணி உறுதி கேட்க மாட்டார்கள். கேட்கிறார்கள் என்றால் அது லீசிங் இல்லை, வேறு கடன். வாகனம் கடையை விட்டு வெளியே வந்த அன்றிலிருந்து அதன் விலை இறங்கும். இறங்குகிற பொருளுக்காக வீட்டை ஈடு வைக்க ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அந்த வீடு உன் பெயரில் இருக்கிறது, உன் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எந்த வாகனத்தில் வந்தாலும் பொழுது பட முன் ஹபரணையைத் தாண்டிவிடுங்கள். அதிகாலையிலேயே வெளிக்கிடுங்கள். யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹோர்ன் அடிக்க வேண்டாம், பெரிய வெளிச்சம் போட வேண்டாம். கடற்கரைக்குப் போய் வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் அடியைக் கழுவ வேண்டும், ஆனால் பிரஷர் வோஷைச் செம்மஞ்சள் கேபிளுக்கும் ரேடியேற்றர் தகட்டுக்கும் நேரே பிடிக்கக் கூடாது. ஸ்பெயார் வீலை மறக்காதே.

அட்வான்ஸ் ஒரு சதமும் கட்ட வேண்டாம். அதற்கு முதல் நான்கு படம் அனுப்பு: சேசிஸ் நம்பர், ஏலத் தாள், பூற் தரைக்குக் கீழ், வாகனப் புத்தகத்தின் முதல் பக்கம். வாகனம் புதிதாக இறங்கியதென்றால் புத்தகம் இருக்காது, சுங்கப் பத்திரத்தை அனுப்பு. பத்திர விஷயத்தை மருமகனே என்னோடு கதைக்கட்டும், நான் கோபப்பட மாட்டேன். கதைக்க அவருக்குக் கூச்சமென்றால் நீ போன் எடு. நீ எடுத்தும் நாளாகிவிட்டது. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குப் பிறகு நான் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்
அப்பா