எரேமியாவின் கடிதத்தை முழுசாகப் படி, தம்பி

காரைக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். போன ஞாயிறு போனில் நீ சொன்னது அப்பா மனசை விட்டுப் போகவில்லை. "இனிமேல் சபைக்குப் போகப்போவதில்லை, நாம் படித்த மாதிரி பைபிளைப் படிக்க என்னால் முடியவில்லை" என்றாய். அப்பா அதைப் பின்மாற்றம், விசுவாசத்தை விட்டு விலகுவது என்றார். அந்தப் பேச்சு வேண்டாம் என்று அவரிடம் அப்போதே சொல்லிவிட்டேன். அப்போஸ்தலனான பவுலே வந்து பிரசங்கம் பண்ணினபோது, அவர் சொல்வது சரிதானா என்று தினமும் வேதத்தை ஆராய்ந்து பார்த்தார்களே பெரோயா ஊர்க்காரர்கள், அவர்களை நற்குணசாலிகள் என்று அப்போஸ்தலர் 17-ம் அதிகாரம் மெச்சுகிறது. பவுலையே சரிபார்க்கலாம் என்றால் நம் பாஸ்டரை ஏன் சரிபார்க்கக் கூடாது?

உன் கோபம் எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். அத்தை விஷயம்தான். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எவர்சில்வர் தட்டு சுற்றி வந்தது. அத்தை கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டு, புது வருஷத்துக்குக் கர்த்தர் தரும் வாக்கு என்று வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை ஒன்றை அதிலிருந்து எடுத்தாள். ரோஜாப்பூப் படம், அதன் கீழே எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகம் 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதை மாத்திரை டப்பா மூடியில் செல்லோடேப் போட்டு ஒட்டி வைத்திருந்தாள். டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொள்வாள். ஆகஸ்டில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அடக்கம் முடிந்த வாரமே ஊழியக்காரர் ஒருவர் நம் வீட்டில் உட்கார்ந்து, விசுவாசக் குறைவு என்றார். நீ எழுந்து வெளியே போய்விட்டாய். போனது சரி. எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் சிநேகிதர்கள்கூட முதல் ஏழு நாள் வாயைத் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பேச ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. நிதானமாய்ப் பேசவில்லை என்று கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டதும் அவர்களைத்தான்.

அந்த அட்டையை நான் தூக்கிப் போடவில்லை. அந்த வசனம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க உட்கார்ந்தேன். எரேமியா 27-லிருந்து 29 வரை ஒரே மூச்சில் படித்தேன், தம்பி. 29-ம் அதிகாரம் ஒரு கடிதம்! கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டுபோன ஜனங்களுக்கு எரேமியா எழுதி அனுப்பியது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஆலயத்தில் சபை நடுவே அறிவிக்கிறான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டுகிறான். கேட்கிறவர்களுக்கு எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! எரேமியாவும் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றுதான் சொல்கிறார். அவருக்கும் ஆசை இருந்திருக்கிறது. ஆனால் கடிதத்தில் அவர் எழுதியது எழுபது வருஷம். அதை வாங்கிப் படித்த பெரியவர்களில் எத்தனை பேர் ஊர் திரும்பியிருப்பார்கள்? நம் அட்டையில் இருக்கும் 11-ம் வசனத்துக்கு முந்தின 10-ம் வசனத்தில்தான் அந்த எழுபது வருஷம் இருக்கிறது. அட்டை அச்சடித்தவர்கள் அதை விட்டுவிட்டார்கள். எரேமியா எழுதினபோது வசன எண்ணே கிடையாது. அதிகாரம் பிரித்தது 13-ம் நூற்றாண்டு, இன்று நாம் பார்க்கிற வசன எண் வந்தது 16-ம் நூற்றாண்டு. ஒரு வரியை மட்டும் கிள்ளி எடுக்க வசதி வந்ததே அதற்கப்புறம்தான்.

அத்தைக்கு யாரும் சுகம் எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு ஜனத்துக்குச் சொன்ன நீண்ட வாக்கை ஒரு ஆளின் ஒரு வருஷத்துக்குள் அடைத்தது நம் பழக்கம். இதை யாராவது அவளுக்குச் சொல்லியிருந்தால், செத்துக்கொண்டிருந்தபோது தன் விசுவாசத்தின் மேல் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்காது. எனக்கு ஆறாத வருத்தம் அதுதான்.

அந்தக் கடிதத்தில் இன்னொன்று. போன இடத்திலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறார். நம் பக்கத்துக் கதை இதற்கு நேர்மாறு. செட்டியார்கள் பர்மாவில் வட்டிக்குக் கொடுத்துச் சம்பாதித்து, பர்மாத் தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து, கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் வீடு கட்டினார்கள். 1942-ல் ஜப்பான்காரன் வந்ததும் எத்தனையோ தமிழர்கள் காடு மலையெல்லாம் நடந்தே தப்பி வந்தார்கள். போன ஊரை நம் ஊராக நினைப்பது லேசான காரியம் இல்லை. நீ சிங்கப்பூரில் இருக்கிறாய். உன் மாடியில் தனியாக இருக்கும் அந்த மலாய்க்காரப் பெரியம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னாயே, எரேமியா கேட்டது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

தசமபாகத்தை, பத்தில் ஒரு பங்கு காணிக்கையைப் பற்றியும் கேட்டாய். தசமபாகத்தையெல்லாம் கொண்டுவாருங்கள் என்கிற மல்கியா 3:10 நமக்கு மனப்பாடம். உபாகமம் 14-ஐ யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் ஆலய ஊழியம் செய்கிற லேவியனோடு, வேறு தேசத்திலிருந்து வந்த பரதேசிக்கும் அநாதைக்கும் விதவைக்கும் போக வேண்டும், அவர்கள் சாப்பிட்டுத் திருப்தியாக வேண்டும் என்று அங்கே இருக்கிறது. நம் சபைக் கணக்கில் அந்தப் பங்கு எங்கே என்று அப்பாவைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். கேட்பார்.

நான் சபையை விடப்போவதில்லை. காரணம் சொல்கிறேன். அத்தை இறந்த அன்று முப்பது பேருக்குச் சாப்பாடு செய்து கொண்டுவந்தது இதே வியாழக்கிழமை ஜெபக்கூட்டத்துப் பெண்கள்தான். அவர்களில் யாரும் விசுவாசக் குறைவு என்று சொல்லவில்லை, பாத்திரம் கழுவிவிட்டுப் போனார்கள். போன மாதம் அந்தக் கூட்டத்தில் 28, 29 இரண்டு அதிகாரத்தையும் சத்தமாக வாசித்தேன். ஒரு பாட்டி, "அப்போ நம்ம கார்டெல்லாம்?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒவ்வொருவராக, பலிக்காமல் போன வசனத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருத்தி அழுதாள். இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த உண்மையான ஜெபக்கூட்டம் அது.

ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1715-ல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சுப்போட்டது, நம்மைப் போன்றவர்கள் நேராகப் படிக்க வேண்டும் என்றுதானே? படிக்கிற உரிமையைக் கொடுத்துவிட்டு, படித்தவன் கேள்வி கேட்டால் கோபப்படுவது நியாயம் இல்லை. அதனால் சபையை விட்டாலும் புத்தகத்தை மூடிவிடாதே. ஜெபம் வரவில்லை என்றால் 88-ம் சங்கீதத்தை எடுத்துப் பார். அதன் முடிவில் ஆறுதல் ஒரு வரிகூட இல்லை, ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது.

டிசம்பரில் வா. ராத்திரி ஆராதனைக்குக் கூப்பிட மாட்டேன், அப்பாவும் கூப்பிட மாட்டார், பேசி வைத்துவிட்டேன். வேதம் எப்படி எழுதப்பட்டது என்று நீ படித்துக்கொண்டிருக்கிற மாதிரிப் புத்தகம் தமிழில் இருந்தால் எனக்கும் ஒன்று வாங்கி வா. எழுத்து பெரிதாக இருக்கட்டும், கண்ணாடி போட்டும் சிரமமாக இருக்கிறது.

அன்புடன்,
அம்மா